தொலைவு எவ்வளவு, நேரம் எவ்வளவு? வாசகர்களின் விமானப் பயணக் கேள்விகளுக்குப் பதில்கள்

கேள்வி: பாரிசில் இருக்கும் மகனைப் பார்க்க ஜூலையில் செல்கிறேன். சென்னையில் இரவு 2 மணிக்குப் புறப்பட்டுக் காலை 8.30க்கு இறங்கும் விமானம் என்றால், பயணம் ஆறரை மணி நேரம்தானா?
(வாசகர், முத்தியால்பேட்டை)

பதில்: இல்லை, பத்து மணி நேரம். பயணச்சீட்டில் உள்ள இரண்டு நேரங்களும் அந்தந்த ஊர்க் கடிகாரப்படி அச்சிடப்படுபவை. கோடையில் பாரிஸ் நமக்கு மூன்றரை மணி நேரம் பின்தங்கியிருப்பதால் அதையும் கூட்ட வேண்டும். அக்டோபர் கடைசி ஞாயிறு முதல் மார்ச் கடைசி ஞாயிறு வரை இந்த வேறுபாடு நாலரை மணி நேரமாகிவிடும். இரு விமான நிலையங்களுக்கும் இடையிலான நேர்த்தொலைவு சுமார் 8,020 கி.மீ.; மணிக்கு 900 கி.மீ. வேகத்தில் ஒன்பது மணி நேரத்தில் கடந்துவிடலாம். ஆனால் சீட்டில் காட்டும் நேரம் விமானம் நிறுத்துமிடத்தை விட்டு நகர்வதில் தொடங்கி, அங்கே போய் நிற்பதில் முடிகிறது. ஓடுபாதைக்குச் செல்லும் நேரமும் விமானம் வானில் மேலேறிக் கீழிறங்கும் நேரமும் அதில் அடங்கும்.

கேள்வி: துபாய் வழியாகச் சென்றால் சுற்று அதிகமா?
(வாசகர், நெல்லித்தோப்பு)

பதில்: பலரும் அப்படித்தான் நினைக்கிறார்கள். சென்னையிலிருந்து துபாய் ஏறத்தாழ 2,930 கி.மீ., அங்கிருந்து பாரிஸ் 5,240 கி.மீ.; கூட்டினால் நேர்த்தொலைவைவிட 150 கி.மீ. மட்டுமே கூடுதல். நேரத்தை விழுங்குவது துபாயில் காத்திருப்பதுதான். ஆகவே கிலோமீட்டரை ஒப்பிடாமல், இடைநிறுத்த நேரத்தை ஒப்பிட்டுச் சீட்டு வாங்குங்கள். இரண்டு விமானங்களையும் ஒரே பதிவில் எடுப்பது மிக முக்கியம்; தனித்தனியாக வாங்கினால், முதல் விமானம் தாமதித்து அடுத்ததைத் தவறவிடும்போது இழப்பு உங்களுடையதே.

கேள்வி: வரைபடத்தில் விமானப் பாதை வளைந்திருப்பது ஏன்?
(மாணவி, கடலூர்)

பதில்: வளைந்திருப்பது பாதையன்று, தட்டையாக்கப்பட்ட வரைபடம். உருண்டையான பூமியின்மீது சென்னைக்கும் பாரிசுக்கும் நூலை இறுக்கிப் பிடித்தால், அது பாகிஸ்தான், ஈரான் மேலாக, காஸ்பியன் கடலின் தென்பகுதியை ஒட்டிச் செல்லும். வரைபடத்தில் அளவுகோலை வைத்துக் கோடு போட்டாலோ, அது ஈராக் மேலாகப் போய், நூலைவிட நீளமான வழியாக அமையும். வீட்டிலுள்ள பூமி உருண்டையில் நீங்களே செய்து பாருங்கள். எனினும், எந்த நாட்டின் வான்வெளியேனும் மூடப்பட்டால், விமானங்கள் இந்தக் குறுவழியையும் விட்டு விலகிச் செல்ல நேரிடும்.

கேள்வி: திரும்பி வரும்போது நேரம் குறைவது ஏன்?
(வாசகர், திருப்பாதிரிப்புலியூர்)

பதில்: மேற்கிலிருந்து கிழக்கு நோக்கி மிக உயரத்தில் வீசும் விரைவுக்காற்றே காரணம். வழிநெடுக 100 கி.மீ. வேகக் காற்று எதிர்த்தால் 900 என்பது 800 ஆகும். பின்னிருந்து தள்ளினால் 1,000 ஆகும். குளிர்காலத்தில் இந்தக் காற்று மேலும் வலுப்பதால் வேறுபாடும் கூடும்.

கேள்வி: 15ஆம் தேதி இரவு 2 மணி விமானத்துக்குக் கடலூரிலிருந்து எப்போது கிளம்புவது?
(வாசகர், மஞ்சக்குப்பம்)

பதில்: 14ஆம் தேதி மாலை 6 மணிக்கு. நள்ளிரவு 12 மணிக்கே தேதி மாறிவிடுவதை மறந்து, 15ஆம் தேதி இரவு நிலையத்துக்கு வந்து சேருபவர்கள் இன்றும் இருக்கிறார்கள். பன்னாட்டுப் பயணத்துக்கு மூன்று மணி நேரம் முன்னதாக, அதாவது 14ஆம் தேதி இரவு 11 மணிக்கு, நீங்கள் மீனம்பாக்கத்தில் இருக்க வேண்டும். சாலைப் பயணத்துக்கு நான்கு மணி நேரமும், வழி நெரிசலுக்கு ஒரு மணி நேரமும் ஒதுக்குங்கள்.