இத்தனை டன் வெண்கலம் எதற்கு?

கேள்வி: பெங்களூரு விமான நிலையத்தில் கெம்பேகவுடாவுக்கு 108 அடியில் சிலை. இத்தனை டன் வெண்கலம் எதற்கு? (ஒரு வாசகர், அல்சூர்)

பதில்: வெண்கலம் 98 டன். உள்ளே தாங்கி நிற்கும் எஃகு அதைவிட அதிகம், 120 டன். வெண்கலம் என்று யார் சொன்னாலும் என் மனம் சுவாமிமலைக்குப் போய்விடும். அங்கே மெழுகில் உருவம் செய்து, மேலே காவிரி வண்டலைப் பூசிக் காயவைத்து, சூடேற்றி மெழுகை வடித்துவிட்டு, அந்த வெற்றிடத்தில் உலோகத்தை ஊற்றுகிறார்கள். ஆறியதும் மண் அச்சை உடைத்தாக வேண்டும். அதனால் ஒரு அச்சுக்கு ஒரு சிலைதான். 108 அடியை அப்படி ஒரே வார்ப்பில் எடுக்க முடியுமா? பகுதி பகுதியாக வார்த்து எஃகுச் சட்டத்தின் மேல் பொருத்தியிருக்கிறார்கள். சிற்பி ராம் சுதார் வடிவமைத்தது. கையில் இருக்கும் வாள் மட்டும் நான்கு டன். விமானத்தைப் பிடிக்கிற அவசரத்திலும் ஒரு நிமிடம் நின்று பாருங்கள், நல்ல வேலை.

1537-இல் இந்த ஊருக்கு அடித்தளம் போட்டவருக்குச் சிலை வைத்ததில் எனக்கு மகிழ்ச்சிதான். 2022 நவம்பரில் அதைத் திறப்பதற்கு முன் மாநிலம் முழுக்க 22,000-க்கும் மேற்பட்ட இடங்களில் மண் எடுத்து வந்தார்கள். அப்போதே கேட்டேன், இப்போதும் கேட்கிறேன்: அவர் வெட்டிய ஏரிகள் எங்கே? பக்கத்தில் பெரிய ஆறு இல்லாத மேட்டு நிலம் இது. மழையைத் தேக்கினால்தான் ஊர் நிற்கும் என்று தெரிந்து ஏரி வெட்டியவர் கெம்பேகவுடா. தர்மாம்புதி ஏரி இருந்த இடத்தில்தான் இன்று மெஜஸ்டிக்கில் பஸ் ஏறுகிறோம். சம்பங்கி ஏரி கண்டீரவா ஸ்டேடியம் ஆகிவிட்டது. கரக விழாவுக்காக அங்கே ஒரு சிறு குளம் மிஞ்சியிருக்கிறது. அந்தக் கரகத்தைத் தூக்குகிற திகளர் சமூகத்தார் ஒரு காலத்தில் ஏரி நீரில் தோட்டம் போட்டவர்கள். வீட்டில் தமிழ் கலந்து பேசுகிறவர்கள். ஏரியையும் தோட்டத்தையும் விட்டுவிட்டு, இப்போது சுமார் 100 கிலோமீட்டர் தள்ளியிருந்து காவிரியை மேடேற்றிக் குடிக்கிறோம். அப்புறம் அதே காவிரிக்காக இரண்டு மாநிலமும் சண்டை போடுகிறோம். 2024 கோடையில் இங்கே தண்ணீர் லாரிக்காகக் காத்துக் கிடந்ததை அதற்குள் மறந்துவிட முடியுமா?

நீங்கள் அல்சூர்க்காரர் என்பதால் இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். உங்கள் ஏரிக்கரையில் 1991-இல் வைத்த வள்ளுவர் சிலை, எதிர்ப்பு கிளம்பியதால் 2009 ஆகஸ்ட் வரை மூடியே கிடந்தது. பதினெட்டு ஆண்டுகள்! அங்கே வள்ளுவரையும் சென்னையில் கன்னடக் கவிஞர் சர்வக்ஞரையும் ஒரே வாரத்தில் திறந்தார்கள், யாருக்கும் ஒரு குறையும் வரவில்லை. அந்தப் பதினெட்டு ஆண்டுக் கோபம் எனக்கு இன்னும் தீரவில்லை.

சரி, கெம்பேகவுடா விஷயத்தில் நான் கேட்பது ஒன்றுதான். மெஜஸ்டிக் பஸ் நிலையத்தில், கண்ணில் படுகிற இடத்தில், கன்னடத்தில் ஒரு பலகை வையுங்கள். கீழே தமிழிலும் தெலுங்கிலும் உருதுவிலும் எழுதுங்கள்: ‘இங்கே தர்மாம்புதி ஏரி இருந்தது.’ அதற்கு வெண்கலம் வேண்டாம், தகரம் போதும்.