அக்கா கொண்டுவந்த காந்தக் குச்சிகள்: குழந்தைகளிடம் கொடுக்கலாமா?

கேள்வி: நியூ ஜெர்சியில் இருக்கும் என் அக்கா, இந்த முறை ஊருக்கு வந்தபோது ஒரு டப்பா நிறைய ‘மேக்னெட்டிக்ஸ்’ காந்தக் குச்சிகளும் இரும்புக் குண்டுகளும் கொண்டுவந்தார். அவர் மகன் சிறுவனாக இருந்தபோது, 2005-ல் வாங்கியதாம். என் மகளுக்கு 6 வயது, மகனுக்கு ஒன்றரை வயது. சில குச்சிகளின் முனையில் பிளாஸ்டிக் விரிந்திருக்கிறது. கம்பெனியிடமே கேட்கலாம் என்று தேடினால் அப்படி ஒரு கம்பெனியே இல்லை போலிருக்கிறது. பசை போட்டு ஒட்டிக் கொடுக்கலாமா?
- வாசகி, ஈரோடு

பதில்: ஒட்டவும் வேண்டாம், கொடுக்கவும் வேண்டாம். பெரியவளுக்கும் வேண்டாம். ஏன் என்று சொல்ல அந்தக் கம்பெனியின் கதையைத்தான் சொல்லியாக வேண்டும். உங்கள் டப்பாவில் இருக்கும் கோளாறு அதற்குள்ளேதான் இருக்கிறது.

மேக்னெட்டிக்ஸை விற்றது ரோஸ் ஆர்ட். உங்கள் அக்கா இருக்கும் அதே நியூ ஜெர்சிக் கம்பெனி. கிரேயான், கலர் பென்சிலுக்குப் பேர்போனது. காந்தக் குச்சி அவர்கள் யோசனையும் அல்ல. இத்தாலிக்காரர் கிளாடியோ விசென்டெல்லி 1998-ல் காப்புரிமை பெற்ற ‘ஜியோமேக்’தான் இந்த வகைக்கு மூத்தது. 80-களில் வந்த, சின்னதானாலும் மிக வலுவான நியோடிமியம் காந்தம் விலை இறங்கி, பொம்மைக்குள் வைக்கும் அளவுக்கு மலிவானதும் ஆளாளுக்கு அதே மாதிரி செய்ய ஆரம்பித்தார்கள். ரோஸ் ஆர்ட் 2003 வாக்கில் களத்தில் இறங்கியது. விலை குறைவு, துண்டுகள் நிறைய. அமெரிக்காவில் சக்கைப்போடு போட்டது.

2005-ல் ரோஸ் ஆர்ட்டை விலைக்கு வாங்கியது கனடாவின் மெகா பிளாக்ஸ். மான்ட்ரியாலில் 1967-ல் விக்டர் பெர்ட்ராண்ட் தொடங்கியபோது அதன் பெயர் ரித்விக். நம் ஊர்ப் பிள்ளைக்கு வைத்த பெயர் போல இருந்தாலும், அது மனைவி ரீட்டா பெயரையும் தன் பெயரையும் சேர்த்து அவர் உண்டாக்கியது. லெகோ மாதிரி கட்டைகள் செய்து, லெகோவோடு கனடா உச்ச நீதிமன்றம் வரை போய் 2005 நவம்பரில் ஜெயித்தவர்கள். அந்த வெற்றியைக் கொண்டாட நேரமிருந்திருக்காது. அதே நவம்பரில் வாஷிங்டன் மாநிலத்தில், இரண்டு வயதுகூட நிரம்பாத ஒரு ஆண் குழந்தை இறந்துபோனது. அண்ணனின் மேக்னெட்டிக்ஸ் துண்டுகளில் இருந்து கழன்று விழுந்த காந்தங்களைத் தம்பி விழுங்கியிருந்தான்.

கோளாறு என்ன? பொம்மையின் பிளாஸ்டிக்குக்குள் சின்ன வில்லைக் காந்தம். இரண்டு குச்சிகள் ‘டக்’கென்று ஒட்டும்போதெல்லாம் முனையில் ஒரு அடி விழுகிறது. பிய்த்து எடுக்கும்போதெல்லாம் காந்தம் வெளியே இழுபடுகிறது. ஒரு நாளில் ஒரு குழந்தை இதை நூறு முறை செய்யும். பிளாஸ்டிக் விரிசல் விட்டாலோ பசை விட்டுப்போனாலோ வில்லை தனியே வந்துவிடும். நீங்கள் பார்த்த விரிந்த முனை அதன் தொடக்கம்தான். வீட்டுப் பசை அந்த இழுப்புக்குத் தாங்காது.

ஒரே ஒரு காந்தத்தை விழுங்கினால் பெரும்பாலும் காசு, பட்டன் போல வெளியே போய்விடும். இரண்டு போனால் கதை வேறு. குடலின் ஒரு மடிப்பில் ஒன்று, அடுத்த மடிப்பில் இன்னொன்று என்று நின்று, நடுவில் குடல் சுவரைக் கிடுக்கி போலப் பிடித்துக்கொள்ளும். அந்த இடத்தில் ரத்த ஓட்டம் நின்று, ஓட்டை விழுந்து, கிருமி பரவும். ஒரு காந்தமும் ஒரு இரும்புக் குண்டும் சேர்ந்தாலும் இதேதான். வெளியே தெரிவது வாந்தியும் வயிற்றுவலியும் மட்டும் என்பதால், சாப்பாடு சேரவில்லை என்று கஷாயம் கொடுத்துக்கொண்டு இருந்துவிடுவார்கள்.

அந்தக் குழந்தை இறப்பதற்கு ஆறு மாதம் முன்பே, அமெரிக்காவின் இண்டியானாவில் பாலர் பள்ளி நடத்திய ஒரு பெண், தன் பள்ளிக் குழந்தைக்கு நேர்ந்ததைச் சொல்லி அமெரிக்க அரசின் நுகர்வோர் பொருள் பாதுகாப்பு ஆணையத்தை எச்சரித்திருந்தார். எதுவும் நடக்கவில்லை. இந்தக் கதையில் எனக்கு இன்றும் ஆறாதது இதுதான். 2006 மார்ச் 31-ல் 38 லட்சம் பெட்டிகளுக்குத் திரும்பப் பெறும் அறிவிப்பு வந்தது. அதுவும் அரைகுறை: கடை அலமாரியில் இருந்தவை அப்படியே விற்றன. ஓராண்டு கழித்து, 2007 ஏப்ரலில் அறிவிப்பை விரிவாக்கியபோது பெட்டிகளின் எண்ணிக்கை 40 லட்சத்தைத் தாண்டியிருந்தது. குடலில் காயம்பட்டவர்கள் குறைந்தது 27 பேர். இதையெல்லாம் தோண்டியெடுத்த சிகாகோ ட்ரிப்யூன் நாளிதழ் 2008-ல் பத்திரிகைத் துறையின் புலிட்சர் விருதை வாங்கியது.

மெகா, குடும்பங்களுக்கு 1.35 கோடி டாலர் இழப்பீடு கொடுத்தது. விபத்துகளை உரிய நேரத்தில் ஆணையத்திடம் சொல்லாததற்காக 2009-ல் 11 லட்சம் டாலர் அபராதமும் கட்டியது. இதற்கிடையே கம்பெனி ‘மெகா பிராண்ட்ஸ்’ ஆனது, பொம்மை ‘மேக்நெக்ஸ்ட்’ ஆனது. 2014-ல் மொத்தக் கம்பெனியையும் பார்பி பொம்மை செய்யும் மேட்டல் வாங்கிவிட்டது. நீங்கள் தேடிக் கிடைக்காததற்குக் காரணம் இதுதான். பெயர்கள் போய்விட்டன, விற்ற குச்சிகள் பரணில் இருக்கின்றன. 2005-ல் வாங்கியது என்றால் உங்கள் டப்பா அந்த அறிவிப்புக்குள் வருகிறது.

இன்றைக்கே ஒரு வேலை செய்யுங்கள். சின்னவனை வேறு அறையில் விட்டுவிட்டு டப்பாவைக் கொட்டி, ஒவ்வொரு துண்டின் முனைகளையும் வெளிச்சத்தில் பாருங்கள். பளபளவென்று வில்லை தெரிய வேண்டிய இடத்தில் வெறும் குழி இருந்தால் அதை எண்ணிக்கொள்ளுங்கள். கழன்ற வில்லைகள் இரும்புக் குண்டுகளோடு அப்பிக்கொண்டு இருக்கும்; ஒவ்வொரு குண்டாகத் தடவிப் பாருங்கள். டப்பா தகரம் என்றால் உள்சுவரையும் பாருங்கள். குழிகள் ஆறு, கிடைத்த வில்லைகள் நான்கு என்றால் மீதி இரண்டு அமெரிக்காவிலேயே தொலைந்திருக்கலாம், உங்கள் கட்டிலடியிலும் இருக்கலாம். ஒரு இரும்புக் கரண்டியைத் தரையோடும் சோபா இடுக்கிலும் ஓட்டுங்கள். வில்லை தானாக வந்து ஒட்டும்.

விழுங்கிவிட்டான் என்று சந்தேகம் வந்தாலே ஆஸ்பத்திரிக்குப் போய், “காந்தம்” என்று முதல் வாக்கியத்திலேயே சொல்லுங்கள். வாந்தி எடுக்கவைக்காதீர்கள். அங்கே போகும்வரை எதுவும் தின்னக் கொடுக்க வேண்டாம். எக்ஸ்ரே எடுப்பார்கள், ஒட்டிய இரண்டு காந்தம் ஒன்றாகத் தெரியும் என்பதால் பக்கவாட்டிலும் எடுக்கச் சொல்லிக் கேட்கலாம். எம்ஆர்ஐ மட்டும் கூடவே கூடாது.

மகளுக்குக் காந்த விளையாட்டு வேண்டுமென்றால் குச்சி, குண்டு வகையை விட்டுவிட்டுப் தட்டையான பெரிய ஓடு (டைல்) வகையைப் பாருங்கள். விளிம்புகள் உருக்கி ஒட்டப்பட்டு, மூலைகளில் ரிவெட் அடித்தவை நன்றாக உழைக்கும். 2021 ஜனவரி 1 முதல் இந்தியாவில் 14 வயதுக்கு உட்பட்டவர்களுக்கான பொம்மைகளுக்கு ஐஎஸ்ஐ முத்திரை கட்டாயம். கழன்று வரும் சின்னக் காந்தத்தின் வலிமைக்கும் அந்தத் தரத்தில் வரம்பு உண்டு. முத்திரை இல்லாத மலிவுப் பெட்டியை, எவ்வளவு அழகாக இருந்தாலும் விட்டுவிடுங்கள்.

பழைய டப்பாவை வேலைக்கார அம்மா வீட்டுக் குழந்தைக்கோ, காயலான் கடைக்கோ கொடுத்துவிடாதீர்கள். எல்லாவற்றையும் ஒரே கட்டாக டேப் சுற்றி, மின்னணுக் கழிவு எடுக்கும் இடத்தில் சேர்த்துவிடுங்கள். அக்காவுக்கும் ஒரு போன் போடுங்கள். இதில் பாதியைப் பிரித்து வேறு சொந்தக்காரர் வீட்டில் கொடுத்துவிட்டு வந்தாரா என்று கேட்க வேண்டும்.