உட்பிரிவு முடிவுகளை நம்பலாமா? – கேள்வி பதில்

கேள்வி: ஒரு ஆய்வில் 'மொத்தத்தில் பலன் உண்டு, பெண்களுக்கு மட்டும் இல்லை' என்று போட்டிருக்கிறார்கள். பெண் நோயாளிகளுக்கு அந்த மருந்தை எழுதாமல் விடலாமா டாக்டர்?

அவசரப்படாதீர்கள். இது உட்பிரிவு முடிவு, அதாவது ஆய்வில் சேர்ந்தவர்களை ஆண், பெண் என்பதுபோலக் கூறு போட்டுப் பார்த்தது. 1978-இல் வந்த கனடா ஆய்வு, பக்கவாதத்தைத் தடுக்க ஆஸ்பிரின் ஆண்களுக்குத்தான் உதவும் என்பதுபோலக் காட்டியது. பிறகு பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தபோது பெண்களுக்கும் பலன் இருந்தது. இடையில் மாத்திரை கிடைக்காமல் போனவர்களை நினைத்தால்தான் வருத்தம்.

கேள்வி: ராசி வாரியாகப் பிரித்த ஆய்வு ஒன்று உண்டாமே, நிஜமா?

நிஜம்தான். 1988-இல் வெளியான ஐசிஸ்-2. மாரடைப்பு என்று சந்தேகிக்கப்பட்ட 17,187 பேரில், ஐந்து வாரத்துக்குள் இதய, ரத்தநாளக் கோளாறுகளால் ஏற்படும் இறப்பை ஆஸ்பிரின் 23 சதவீதம் குறைத்தது. அதையே ராசி வாரியாக (பிறந்த தேதியை வைத்துச் சொல்லும் சூரிய ராசி) பிரித்தால், மிதுனத்துக்கும் துலாமுக்கும் லேசான கெடுதல்! இதைச் சேர்த்தவர்கள் ஜோசியம் பார்க்கவில்லை. கூறு போட்டால் என்ன ஆகும் என்று காட்டினார்கள்.

கேள்வி: பி மதிப்பு (மருந்துக்குப் பலனே இல்லாதபோதும் இந்த அளவோ அதற்கு மேலோ வித்தியாசம் தற்செயலாக வரும் வாய்ப்பு) 0.03 வந்திருந்தாலுமா?

எத்தனை உட்பிரிவு பார்த்தார்கள் என்று முதலில் கேளுங்கள். பலனே இல்லாத மருந்தை ஒன்றையொன்று சாராத 20 பிரிவுகளில் சோதித்தால், ஒன்றிலாவது பி மதிப்பு வழக்கமான எல்லையான 0.05-க்குக் கீழே வர 64 சதவீத வாய்ப்பு.

கேள்வி: ஆண்களில் பி 0.01, பெண்களில் 0.21. வித்தியாசம் தெளிவாகத்தானே இருக்கிறது?

எல்லாரும் சறுக்கும் இடம் இது. ஒரு கற்பனைக் கணக்கு: ஆண்களில் ஆபத்து விகிதம் (1-க்குக் கீழே என்றால் மருந்து ஆபத்தைக் குறைக்கிறது) 0.80 (நம்பக இடைவெளி, அதாவது உண்மையான அளவு இருக்கக்கூடிய வரம்பு, 0.68 முதல் 0.95), பெண்களில் 0.82 (0.60 முதல் 1.12). நீங்கள் சொன்ன பி மதிப்புகள்தான் வரும். ஆனால் பலன் கிட்டத்தட்ட ஒன்றே. பெண்கள் குறைவாகச் சேர்ந்ததால் இடைவெளி அகன்றுவிட்டது, அவ்வளவுதான். இரண்டு பி மதிப்புகளைப் பக்கத்தில் வைத்துப் பார்க்காமல், இடைவினைச் சோதனை (இரண்டு பிரிவுகளின் பலனும் உண்மையிலேயே வேறுபடுகிறதா என்று நேரடியாகப் பார்ப்பது) செய்திருக்கிறார்களா என்று தேடுங்கள். அதற்கும் ஆட்கள் நிறைய வேண்டும் என்பது வேறு விஷயம்.

கேள்வி: முன்கூட்டியே திட்டமிட்ட உட்பிரிவு என்றால் நம்பலாம் அல்லவா?

கூடுதலாக நம்பலாம், முழுசாக அல்ல. இதயச் செயலிழப்பில் அம்லோடிபின் என்ற ரத்த அழுத்த மருந்தைச் சோதித்த பிரெய்ஸ் ஆய்வில் (1996) நோயாளிகளை நோய்க் காரணப்படி ஆரம்பத்திலேயே பிரித்திருந்தார்கள். ரத்தக்குழாய் அடைப்பால் வராத பிரிவில் இறப்பு 46 சதவீதம் குறைந்தது. சரி, அவர்களை மட்டும் வைத்துப் பார்ப்போம் என்று பிரெய்ஸ்-2 நடத்தினார்கள். அதில் அந்தப் பலன் வரவே இல்லை.