கலகக்காரர்கள் என்ன கேட்கிறார்கள்?

வணக்கம் அண்ணே,

நான் சுங்கை சிப்புட்காரன். பாலிடெக்னிக் முடித்துவிட்டு வேலை தேடிக்கொண்டிருக்கிறேன். ராத்திரியில் ‘யூரோப்பா யுனிவர்சாலிஸ் 4’ விளையாடுவேன், ஒரு நாட்டை எடுத்துப் பேரரசாக வளர்க்கும் கணினி விளையாட்டு அது. நீங்களும் விளையாடுவதாக ஒரு கட்டுரையில் எழுதியிருந்தீர்கள், அதனால்தான் கேட்கிறேன். ஓட்டோமான் நாட்டை எடுத்து, அடுத்தடுத்த போர்களில் மம்லூக்குகளிடமிருந்து சிரியாவையும் எகிப்தையும் பிடித்துவிட்டேன். அன்றிலிருந்து நிம்மதி இல்லை. கெய்ரோவில் அடக்கினால் டமாஸ்கசில் எழும்புகிறார்கள். ‘ஹார்ஷ் ட்ரீட்மென்ட்’ பட்டனை அழுத்திக்கொண்டே இரு என்கிறான் ஒரு நண்பன். இன்னொருவன், விடு, எழும்பட்டும், மொத்தமாக நசுக்கினால் பத்து வருஷத்துக்குச் சத்தம் வராது என்கிறான். எது சரி?

இன்னொன்று. அப்பா ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டியவர், சங்கத்தில் கமிட்டி தலைவராக இருந்தவர். ஒரு நாள் திரையை எட்டிப் பார்த்துவிட்டு, “ஜனங்க ஏன் எழுந்திருக்காங்கன்னு கேக்காம ஆர்மிய அனுப்புறியேடா” என்றார். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை.

இப்படிக்கு,
ஒரு வாசகர்

அன்புள்ள தம்பி,

உங்கள் முதல் கேள்விக்கான விடை அப்பா கேட்ட கேள்வியிலேயே இருக்கிறது. ஏன் எழுகிறார்கள் என்பதை அந்த விளையாட்டு மறைப்பதே இல்லை. மாகாணத்தைத் திறந்து, கொந்தளிப்பைக் காட்டும் எண்ணின்மேல் மவுசை வையுங்கள். காரணங்கள் வரிசையாக வரும். புதிதாகப் பிடித்த மண் என்பதற்குப் பிரிவினை உணர்வு. ஆரம்பத்தில் அது மட்டுமே 15 புள்ளி, ஆண்டுக்கு அரைப் புள்ளியாகக் குறைந்து 30 ஆண்டில்தான் தீரும். போர்க்களைப்பு ஏற ஏற நாடு முழுவதும் கொந்தளிப்பு ஏறும். சொந்த மண்ணாக்காமல் அள்ளிப்போட்ட மாகாணங்களின் சுமை தனி. வேற்று மதத்தவர் என்றால் நீங்கள் காட்டும் சகிப்புத்தன்மையும் கணக்கில் சேரும். உங்கள் ஆட்டத்தில் சிரியாவும் எகிப்தும் பெரும்பாலும் சுன்னி, உங்கள் அரசும் சுன்னி, ஆகவே மதம் பிரச்சினை இல்லை. மற்ற மூன்றும் உங்கள் வேகத்தால் வந்தவை.

ஹார்ஷ் ட்ரீட்மென்ட் இதில் எதையும் தொடுவதில்லை. கொந்தளிப்பு இருக்கும்வரை மாதாமாதம் ஒரு வாய்ப்பு உண்டு. அது விழுந்தால் கிளர்ச்சி 10 விழுக்காடு முன்னேறும், 100 தொட்டால் படை எழும். அந்தப் பட்டன் ராணுவப் புள்ளிகளை வாங்கிக்கொண்டு முன்னேற்றத்தை 30 விழுக்காடு பின்னுக்குத் தள்ளும். அவ்வளவுதான். காரணப் பட்டியல் அப்படியே இருக்கும், சில ஆண்டுகளில் மறுபடியும் அதே இடத்தில் நிற்பீர்கள். வெளியே பெரிய போர் நடக்கிறது, முடிய இன்னும் ஒரு வருஷம் ஆகும், அதுவரை தாக்குப்பிடித்தால் போதும் என்ற நேரத்தில் மட்டும் நான் அதை அழுத்துவேன். மற்றபடி அந்தப் புள்ளிகளை ராணுவத் தொழில்நுட்பத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் நிலைமையில் சரியான மருந்து தன்னாட்சியை, அதாவது மாகாணம் தன்னைத்தானே ஆண்டுகொள்ளும் அளவை, உயர்த்துவது. ஒரு மாகாணத்தில் அதை 25 விழுக்காடு கூட்டினால் கொந்தளிப்பு 10 புள்ளி இறங்கும். வரியும் ஆள்பலமும் குறையும் என்று பலர் தயங்குகிறார்கள். ஆனால் புதிதாகப் பிடித்த தூரத்து மாகாணத்தில் தன்னாட்சி ஏற்கெனவே உயரத்தில்தான் இருக்கும். அங்கிருந்து உங்களுக்கு வருவதே கொஞ்சம்; அந்தக் கொஞ்சத்தில் கொஞ்சம் விட்டுக்கொடுத்தால் என்ன போகிறது? ஒரு தடவை மாற்றினால் 30 ஆண்டுகள் மறுபடி கைவைக்க முடியாது. பிரிவினை உணர்வு தீரவும் அதே 30 ஆண்டுகள்தான், எனவே இரண்டும் ஒன்றாக முடியும். இஸ்தான்புல்லைச் சுற்றியுள்ள பழைய மாகாணங்களில் மட்டும் இதைச் செய்யாதீர்கள், உங்கள் வருமானமே அங்கேதான்.

உண்மையான ஓட்டோமான்களும் ஏறக்குறைய இதே சிக்கலில்தான் மாட்டினார்கள். 1516, 1517-இல் சுல்தான் செலிம் சிரியாவையும் எகிப்தையும் பிடித்தார். எகிப்தை காயிர் பேயிடமும் டமாஸ்கசை ஜான்பிர்தி அல்-கஸாலியிடமும் ஒப்படைத்தார். இருவருமே பழைய மம்லூக் ஆட்சியின் ஆட்கள். 1520-இல் செலிம் இறந்ததும் கஸாலி கலகம் செய்தார், அடுத்த ஆண்டே கொல்லப்பட்டார். 1524-இல் எகிப்தின் ஆளுநர் அகமது பாஷா தன்னையே சுல்தான் என்று அறிவித்துக்கொண்டார். அவரும் வீழ்ந்தார். இரண்டு கலகத்தையும் படை முடித்துவிட்டது, ஆனால் எகிப்து அதனால் அடங்கவில்லை. பேரமைச்சர் இப்ராகிம் பாஷா நேரில் போய் 1525-இல் எகிப்துக்கென்று ஒரு சட்டத்தொகுப்பே போட்டார். மம்லூக் சுல்தான் காயித்பே காலத்து நடைமுறைகள் பலவற்றை அதில் அப்படியே வைத்துக்கொண்டார். மம்லூக் வீரர்களையும் நிர்வாகத்தில் விட்டுவைத்தார். ஆண்டுதோறும் இஸ்தான்புல்லுக்குத் திறை போனது. உங்களிடம் நான் அழுத்தச் சொல்லும் தன்னாட்சிப் பட்டனும் இதே வழிதான்.

இனி உங்கள் இரண்டாவது நண்பருக்கு வருகிறேன். விளையாட்டின் கணக்குப்படி அவர் சொல்வது சரி. எழுந்த கலகத்தை நசுக்கினால் அந்த மாகாணத்துக்கு ‘அண்மைக் கிளர்ச்சி’ என்று ஒரு முத்திரை விழும், பத்து ஆண்டுகளுக்குக் கொந்தளிப்பு 100 புள்ளி கீழே போய்விடும். கைதேர்ந்த ஆட்டக்காரர்கள் வேண்டுமென்றே எழவிட்டு அறுவடை செய்கிறார்கள். எனக்கு இந்த விளையாட்டில் கோபம் வரும் ஒரே இடம் இதுதான். கொன்றால் அமைதி வரும் என்று அது ஆட்டக்காரனுக்குப் பரிசு கொடுக்கிறது. நம் மலேசியாவிலேயே இதற்கு நேரெதிரான சாட்சி இருக்கிறது.

1941-இல் கிள்ளான் வட்டாரத்துத் தோட்டங்களில் நம்மவர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். முன்னின்றவர் கிள்ளான் வட்டார இந்தியர் சங்கத்தின் ஆர். எச். நாதன். அவர்கள் கேட்டவற்றைப் படித்துப் பாருங்கள். சீனத் தொழிலாளிக்குக் கொடுக்கும் கூலி எங்களுக்கும் வேண்டும். கள்ளுக்கடையை மூடு. பிள்ளைகளுக்கு ஒழுங்கான பள்ளிக்கூடம் வேண்டும், மருத்துவ வசதி வேண்டும். பெண்களிடம் அத்துமீறுவதை நிறுத்து. துரையோ கிராணியோ (தோட்டத்து எழுத்தர்) எதிரே வந்தால் சைக்கிளைவிட்டு இறங்க வேண்டும் என்ற வழக்கத்தை ஒழி. கூலியில் மட்டும் ஏதோ கொஞ்சம் அசைந்தார்கள். மே மாதம் நாதனைக் கைது செய்தார்கள், வேலைநிறுத்தம் இன்னும் பரவியது, ராணுவம் வந்தது, துப்பாக்கிச் சூட்டில் ஐந்து பேர் செத்தார்கள். நாதன் நாடு கடத்தப்பட்டார்.

தோட்டம் அடங்கியது. ஆனால் எத்தனை நாளைக்கு? இடையில் ஜப்பான்காரன் வந்து போனான். போர் முடிந்த கையோடு தொழிற்சங்கங்கள் வேகமாக எழுந்தன, கூலியும் மரியாதையும் மறுபடி கோரிக்கையாயின. 1948 ஜூன் 16 அன்று உங்கள் ஊருக்குப் பக்கத்துத் தோட்டங்களில் மூன்று ஐரோப்பியத் தோட்ட அதிகாரிகள் சுட்டுக்கொல்லப்பட, அவசரகாலம் வந்தது. அது முடிய 1960 ஜூலை ஆயிற்று. அகில மலாயா தொழிற்சங்க சம்மேளனத்தின் முதல் தலைவர் எஸ். ஏ. கணபதியை 1949 மே மாதம் தூக்கிலிட்டார்கள். அவசரகாலத்துக்கு கிள்ளான்தான் காரணம் என்று நான் சொல்லவில்லை. கம்யூனிஸ்ட் கட்சி, போர்க்காலப் பஞ்சம், ஆங்கிலேயரின் அரசியல் என்று அதற்குப் பல வேர்கள். ஆனால் 1941-இல் கேட்டவற்றை நின்று கேட்டிருந்தால் தோட்டங்களில் நிலைமை வேறாக இருந்திருக்கும் என்று உறுதியாக நம்புகிறேன். அந்தக் கோரிக்கைப் பட்டியலும் நீங்கள் மவுசை வைத்தால் வரும் பட்டியல் மாதிரிதான், படிக்க விரும்பாதவர்கள் கையில் கிடைத்தது.

அதற்காக விளையாடுவதை நிறுத்த வேண்டாம். பேரரசு ஒன்றை நடத்துகிறவன் என்ன பார்க்கிறான், எதைப் பார்க்காமல் விடுகிறான் என்று உள்ளேயிருந்து தெரிந்துகொள்ள நம் பிள்ளைகளுக்கு இது நல்ல வழி. சரி, அப்புறம் ஒருமுறை ‘விக்டோரியா 3’ எடுத்துப் பாருங்கள். 1836 முதல் 1936 வரை ஓடும் ஆட்டம். அதில் ரப்பர் தோட்டமே ஒரு கட்டடமாக வரும். மக்களின் வாழ்க்கைத்தரம் விழுந்தால் ‘ரேடிக்கல்’ எனப்படும் அதிருப்தியாளர்கள் பெருகுவார்கள், இயக்கம் கட்டுவார்கள், இன்ன சட்டம் வேண்டும் என்று பெயர் சொல்லிக் கேட்பார்கள். மறுத்துக்கொண்டே இருந்தால் நாடு இரண்டாகப் பிளந்து உள்நாட்டுப் போர். அந்தச் சட்டத்தைக் கொண்டுவரத் தொடங்கினால் இயக்கம் தணியும். கேட்பவரோடு பேரம் பேச அதில் இடம் இருக்கிறது. யூரோப்பாவில் கலகக்காரர்களின் கோரிக்கையை ஏற்கும் பட்டன் உண்டுதான், ஆனால் முழுதாக ஏற்க வேண்டும் அல்லது சண்டை போட வேண்டும், நடுவில் எதுவும் இல்லை.

இப்போதைக்கு உங்கள் ஆட்டத்தில் செய்ய வேண்டியது இது. கையில் இருக்கும் போரை முதலில் முடியுங்கள். எகிப்திலும் சிரியாவிலும் அதிகம் கொதிக்கும் மாகாணங்களில் தன்னாட்சியை உயர்த்துங்கள். பிடித்தவை எல்லாம் சொந்த மண்ணாகும்வரை புதுப் போர் வேண்டாம், பாரசீகம் எங்கேயும் ஓடிவிடாது. அப்பாவிடம் கமிட்டி தலைவராக இருந்தபோது தோட்டத்தில் ஜனங்கள் என்னென்ன கேட்டார்கள், அதில் நிர்வாகம் எதைக் கொடுத்தது, எதைக் கொடுக்கவே இல்லை என்று விசாரியுங்கள். அவர் சொல்வதை எனக்கும் எழுதி அனுப்புங்கள், அவர் சம்மதித்தால் இங்கேயே வெளியிடுகிறேன்.

அன்புடன்,
அண்ணன்