தெருவில் வாசல் வைத்த நிலவறை

கேள்வி: இங்கிலாந்தில் சவுதாம்ப்டனில் மகன் வீட்டுக்குப் போயிருந்தபோது, ஃபிரெஞ்ச் ஸ்ட்ரீட்டில் 58ஆம் எண் வீட்டைப் பார்த்தோம். 1290 வாக்கில் கட்டியதாம். அடியில் கல்லால் ஒரு நிலவறை இருக்கிறது. அதற்குப் படி தெருவிலிருந்து இறங்குகிறது. வீட்டு நிலவறைக்கு யாராவது தெருவில் வாசல் வைப்பார்களா? மழை நாளில் ஒரு சாமான் எடுக்க நனைந்துகொண்டா போவார்கள்? (வாசகி, திருநெல்வேலி)

பதில்: சரியான இடத்தைப் பிடித்துவிட்டீர்கள், அம்மா. நானும் அந்த வீட்டுக்குப் போயிருக்கிறேன். என் மனைவி மேலே பழைய பாணிக் கட்டிலையும் பெட்டியையும் ரசித்துக்கொண்டிருக்க, நான் கீழே சுவரைத் தடவிக்கொண்டு நின்றேன். மேஸ்திரி மகனுக்கு வேறென்ன வேலை?

வீட்டு நிலவறை என்று நினைப்பதால்தான் குழப்பம். அது சரக்கு அறை. கட்டியவர் ஜான் ஃபார்ட்டின், ஒயின் வணிகர். அப்போது பிரான்ஸின் போர்தோ பகுதி இங்கிலாந்து மன்னரின் ஆட்சியில் இருந்ததால், அங்கிருந்து கப்பல் கப்பலாக ஒயின் வந்தது. பாட்டிலில் அல்ல, பீப்பாயில். ‘டன்’ என்ற பெரிய பீப்பாய் ஒன்றில் சுமார் 950 லிட்டர் பிடிக்கும். கப்பலின் கொள்ளளவை டன் கணக்கில் சொல்லும் பழக்கமே இந்தப் பீப்பாயிலிருந்து வந்ததுதான். அவ்வளவு கனத்தைக் கூடத்து வழியாக உருட்டிக்கொண்டு போனால் தரை என்னாவது? வண்டியிலிருந்து நேரே கீழே இறக்க வேண்டும், அவ்வளவுதான். தெரு வாசலில் இன்னொரு வசதியும் உண்டு. நிலவறையை மட்டும் வேறொருவருக்கு வாடகைக்கு விடலாம். அவர் உங்கள் கூடத்துக்குள் கால் வைக்க வேண்டியதில்லை.

அந்தக் கால ஒயின் ஒரு வருடம் தாங்கினால் பெரிது. அதற்குள் புளித்துவிடும். அதனால் கோடையிலும் சூடேறாத அறை வேண்டும். தீயும் ஒரு பயம். வீட்டின் பக்கச் சுவர்கள் கல். முகப்போ மரச்சட்டம், மாடி தெருப்பக்கம் துருத்திக்கொண்டு நிற்கும். கீழே முன்னால் கடை, நடுவில் கூரை வரை திறந்த கூடம், பின்னால் ஓர் அறை. மாடியில் முன்னறையையும் பின்னறையையும் கூடத்துக்கு மேலே ஒரு மரநடை இணைக்கிறது. இத்தனை மரம் இருக்கும் வீட்டில் எரியாத இடம் அந்தக் கல் வளைவுக்கு அடியில்தான். முதல் போட்ட சரக்கை வேறெங்கே வைப்பார்?

வளைவைச் சொல்லாமல் விட மனமில்லை. பீப்பாயை நீளவாக்கில் பாதியாகப் பிளந்து கவிழ்த்த மாதிரி இருக்கும். இரும்பு கிடையாது, சிமென்ட் கிடையாது. மரத்தில் சென்டரிங் அடித்து, அதன்மேல் இரண்டு பக்கத்திலிருந்தும் கல் ஏற்றிக்கொண்டு வந்து, உச்சியில் கடைசிக் கல்லை இறுக்கி, சுண்ணாம்புச் சாந்து இறுகிய பிறகு சென்டரிங்கைப் பிரிப்பார்கள். வளைவு எப்போதும் பக்கச் சுவரை வெளியே தள்ளிக்கொண்டே இருக்கும். மண்ணுக்குள் இறக்கிக் கட்டினால் அந்தத் தள்ளலுக்கு மண்ணே முட்டுக் கொடுக்கும். "பிரிக்கிற நாள் மேஸ்திரி கீழே நிற்கணும்" என்பார் அப்பா. நம்பிக்கை இருந்தால் நிற்கலாம்!

கேள்வி: அதே வீடு பற்றி இன்னொன்று. இத்தனை காலம் எப்படி இடிபடாமல் தப்பியது? (அதே வாசகி)

பதில்: யாரும் கண்டுகொள்ளாததால்! 1338 அக்டோபரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஊர் ஜனம் தேவாலயத்தில் இருந்த நேரம் பார்த்து பிரெஞ்சுக்காரர்களும் இத்தாலியின் ஜெனோவா நகரத்தாரும் கப்பலில் வந்து சவுதாம்ப்டனைச் சூறையாடிக் கொளுத்தினார்கள். அப்புறம்தான் கடல் பக்கமும் மதில் வேண்டும் என்ற புத்தி வந்தது. மேற்குக் கரையோரம் வணிகர் வீடுகளின் கதவு, சன்னல்களைக் கல் வைத்து அடைத்து, வீட்டுச் சுவரையே ஊர் மதிலாக்கிவிட்டார்கள். அடைத்த சன்னலின் வடிவம் மதிலில் இன்றும் தெரிகிறது. அடுத்த முறை போனால் அதையும் பாருங்கள்.

நம் 58ஆம் எண் பின்னாளில் சிறு சிறு குடியிருப்புகளாகப் பிரிந்தது. வாடகை விடுதியானது, விபசார விடுதியாகவும் இருந்தது. புதுச்சுவரும் பூச்சும் ஏறி, உள்ளே இருப்பது இடைக்கால வீடு என்பதே மறைந்துபோனது. 1940இல் ஜெர்மானியர்கள் குண்டு போட்டார்களே, அந்தச் சேதத்தில்தான் பழைய வீடு வெளியே தெரிந்தது. 1980களில் பழங்காலக் கட்டடங்களைப் பராமரிக்கும் ‘இங்கிலிஷ் ஹெரிடேஜ்’ அமைப்பு பழைய வடிவத்துக்குக் கொண்டுவந்தது. முகப்பில் ஒரு பீப்பாயைத் தொங்கவிட்டிருப்பதைக் கவனித்தீர்களா? எழுதப் படிக்கத் தெரியாதவருக்கும் புரிகிற பெயர்ப்பலகை.

கேள்வி: நான் கட்டப்போகும் வீட்டில் இப்படி வளைவுக் கூரையோடு ஒரு நிலவறை வைக்கலாமா? (வாசகர், கடலூர்)

பதில்: ஐப்பசி மழைக்கு அப்புறம் மனையில் எட்டடிக் குழி வெட்டி இரண்டு நாள் விட்டுப் பாருங்கள். தண்ணீர் ஊறி நின்றால், மாடியில் ஓர் அறை கட்டிக்கொள்ளுங்கள்.