டோக்கெலாவில் ஆசிரியர் வேலை: குடும்பத்தோடு போகலாமா?

கேள்வி: நியூசிலாந்தின் வெலிங்டனில் ஆசிரியராக இருக்கிறேன், அந்நாட்டுக் குடியுரிமை உண்டு. டோக்கெலா தீவுகளில் ஓராண்டு ஒப்பந்த வேலைக்கு விண்ணப்பிக்க ஆசை. அது தனி நாடா, நியூசிலாந்தின் பகுதியா? அங்கே நிர்வாகம், பணம், சாப்பாடு எல்லாம் எப்படி? மனைவியையும் ஆறு வயது மகளையும் கூட்டிப்போகலாமா? மகளுக்கு அவ்வப்போது வீசிங் வரும்.

பதில்: முதல் கேள்விக்கு ஒரே வரியில் பதில் சொல்வதென்றால், டோக்கெலா நியூசிலாந்தின் ஆட்சிப்பகுதி. 1949 ஜனவரி முதல் அப்படித்தான். அங்குள்ளவர்கள் பிறப்பிலேயே நியூசிலாந்துக் குடிமக்கள். இதை வைத்து, உங்கள் பாஸ்போர்ட்டைக் காட்டி நேரே போய் இறங்கிவிடலாம் என்று நினைத்துவிடாதீர்கள். நியூசிலாந்துக்காரரும் முன்அனுமதி வாங்கித்தான் போக வேண்டும். சமோவாவின் தலைநகர் ஆப்பியாவில் உள்ள டோக்கெலா தொடர்பு அலுவலகம்தான் மனுவை வாங்கும். முடிவு எடுப்பது நீங்கள் போகப்போகிற ஊரின் பெரியவர்கள் சபை.

அந்தச் சபைக்குப் பெயர் தௌபுலேகா. டோக்கெலாவைப் பற்றி வேறெதுவும் நினைவில் நிற்காவிட்டாலும் இது நிற்கட்டும். அட்டாஃபு, நுகுனோனு, ஃபகாஓஃபோ என்று மூன்று பவளத் தீவுகள். மூன்றையும் சேர்த்தாலும் நிலப்பரப்பு சுமார் 12 சதுர கிலோமீட்டர்தான். மக்கள் 1,500 பேர் சொச்சம். ஒவ்வொரு தீவுக்கும் ஒரு தௌபுலேகா. 2004-இல் நியூசிலாந்து நியமிக்கும் நிர்வாகி தன் அதிகாரங்களை இந்த மூன்று ஊர்ச் சபைகளிடம் ஒப்படைத்தார். நாடு முழுவதற்கும் பொதுவான காரியங்களைச் சபைகள்தான் ஜெனரல் ஃபோனோ என்ற பொது மன்றத்துக்குக் கொடுத்திருக்கின்றன. அதாவது அதிகாரம் கீழிருந்து மேலே போகிறது. நம்மூரில் பஞ்சாயத்துக்கு அதிகாரம் கொடுங்கள் என்று மாநில அரசிடம் மன்றாடுகிறோமே, அதற்கு நேர் தலைகீழ்.

ஒவ்வொரு தீவும் ஃபைபுலே என்ற தலைவரையும், புலேநுகு என்ற ஊர்த்தலைவரையும் தேர்ந்தெடுக்கிறது. மூன்று ஃபைபுலேக்களும் ஆளுக்கு ஓராண்டு ‘ஊலு’ எனப்படும் அரசாங்கத் தலைவராக இருக்கிறார்கள். கட்சி என்று ஒன்று கிடையாது. நிரந்தரத் தலைநகரும் கிடையாது. அந்தப் பொறுப்பும் ஊலுவோடு ஆண்டுக்கு ஒரு தீவாகச் சுற்றி வருகிறது.

அப்படியானால் சுதந்திரம் வாங்கிக்கொண்டு போக வேண்டியதுதானே என்று கேட்கலாம். ஐ.நா. பார்வையாளர்கள் முன்னிலையில் இரண்டு முறை வாக்கெடுப்பு நடந்தது. கேள்வி முழுச் சுதந்திரம் அல்ல, நியூசிலாந்தோடு உறவை வைத்துக்கொண்டே தன்னாட்சி. மூன்றில் இரண்டு பங்கு ஆதரவு வேண்டும் என்று விதி. 2006-இல் 60 சதவீதம் கிடைத்தது. 2007-இல் 64 சதவீதத்தைத் தாண்டியும் 16 வாக்குகளில் தவறிப்போனது. ஊரில் இருப்பவர்களைவிடப் பல மடங்கு டோக்கெலா மக்கள் நியூசிலாந்தில் வாழ்கிறார்கள். 2018 கணக்கெடுப்பில் 8,600 பேருக்கு மேல். உங்களுக்குப் பக்கத்திலேயே போரிருவாவிலும் ஹட் பள்ளத்தாக்கிலும் நிறையப் பேர் உண்டு. பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் அங்கே இருக்கும்போது உறவைத் தளர்த்த எத்தனை பேருக்கு மனசு வரும்? போவதற்கு முன் அவர்களில் யாரிடமாவது பேசிப் பாருங்கள். எந்த இணையதளமும் சொல்லாததைச் சொல்வார்கள்.

பணம் நியூசிலாந்து டாலர்தான். ஏ.டி.எம்.மை நம்பிப் போகாதீர்கள். கைச்செலவுக்கு ரொக்கம் வேண்டும். அரசின் வரவில் பெரும்பங்கு இரண்டு வழிகளில் வருகிறது: நியூசிலாந்தின் உதவித்தொகை, டோக்கெலாவின் கடல் எல்லையில் சூரை மீன் பிடிக்க வெளிநாட்டுக் கப்பல்கள் கட்டும் உரிமக் கட்டணம். நிலம் கையளவு என்றாலும் கடல் 3 லட்சம் சதுர கிலோமீட்டருக்கு மேல். முன்பு கொப்பரை ஏற்றுமதி இருந்தது. இன்னொரு வினோத வருமானமும் இருந்தது. இணைய முகவரிகளின் கடைசியில் வரும் ‘.டிகே’ டோக்கெலாவுடையது. அதை ஒரு வெளிநாட்டு நிறுவனம் உலகம் முழுக்க இலவசமாக அள்ளிக்கொடுத்ததில், ஒரு கட்டத்தில் இந்தச் சின்னத் தீவின் பெயரில் கோடிக்கணக்கான முகவரிகள் இருந்தன. மோசடிக்காரர்களும் அதைப் பயன்படுத்திக்கொண்டதால் பெயர் கெட்டதுதான் மிச்சம்.

சாப்பாட்டுக்கு வருவோம். தேங்காய், சீமைப்பலா, மீன், பன்றி, கோழி இவைதான் உள்ளூர் விளைச்சல். அரிசி, மாவு, டின் உணவெல்லாம் கப்பலில் வரும்; கப்பல் தாமதித்தால் கடை அலமாரி காலி. மண் பவள மணல் என்பதால் காய்கறி அரிது. நீங்கள் சைவம் என்றால் ஓராண்டு ஓட்டுவது கஷ்டம், ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன்.

ஊருக்காகப் பிடித்த மீனைப் பங்கிடும் ‘இனாட்டி’ முறையைக் கட்டாயம் பாருங்கள். படகுகள் வந்ததும் மீனைக் கரையில் கொட்டுவார்கள். அதற்கென்று உள்ள ஆட்கள் வீட்டுக்கு எத்தனை தலை என்று கணக்கிட்டுக் குவியல் குவியலாகப் பிரித்து வைப்பார்கள். வீட்டுப் பெயரைக் கூப்பிட்டதும் பிள்ளைகள் வந்து தூக்கிக்கொண்டு ஓடும். கடலுக்குப் போக முடியாத கிழவிக்கும் விதவைக்கும் அதே கணக்குத்தான். ஊரில் குடியிருப்பவர் என்ற முறையில் உங்களுக்கும் பங்கு வந்தால் தயங்காமல் வாங்கிக்கொள்ளுங்கள். பதிலுக்கு ஊர்ப்பொது வேலைக்குக் கூப்பிட்டால் போய் நில்லுங்கள். ஞாயிற்றுக்கிழமை வேலை, விளையாட்டு, நீச்சல் எதுவும் வேண்டாம். அது தேவாலயத்துக்கான நாள். அட்டாஃபு சீர்திருத்தச் சபை, நுகுனோனு கத்தோலிக்கம், ஃபகாஓஃபோவில் இரண்டும்.

மின்சாரம் கவலையில்லை. 2012-இல் மூன்று தீவுகளிலும் சூரிய மின்நிலையம் அமைத்து டீசலை ஏறக்குறைய ஒழித்தார்கள்; அப்புறம் பயன்பாடு ஏறியதில் டீசலும் கொஞ்சம் திரும்பி வந்தது. இணையத்துக்கான கடலடிக் கேபிளும் 2022-இல் வந்துவிட்டது. தண்ணீர்தான் பிரச்சினை. ஆறு, ஓடை எதுவும் கிடையாது, தொட்டியில் பிடிக்கும் மழைநீர்தான். 2011-இல் மழை பொய்த்து அவசரநிலை அறிவித்து, வெளியிலிருந்து குடிநீர் கொண்டுவர வேண்டியதாயிற்று.

இனி முக்கியமான கேள்வி, உங்கள் மகள். டோக்கெலாவில் விமானநிலையம் கிடையாது, கப்பல் அணையும் துறைமுகமும் கிடையாது. ஆப்பியாவிலிருந்து சுமார் 500 கிலோமீட்டர். கப்பலில் ஒரு நாளுக்கு மேல் ஆகும். பவளப்பாறைக்கு வெளியே கப்பல் நிற்க, சிறு படகில் இறங்கி, அலை பார்த்துப் பாறையின் இடைவெளி வழியாகக் கரையேற வேண்டும். மூன்று தீவுகளிலும் மருத்துவமனை உண்டு, சாதாரண நோய்களைப் பார்த்துக்கொள்வார்கள். கைமீறினால் சமோவாவுக்கு அனுப்ப வேண்டும், அதுவும் கடல்வழிதான். நவம்பரிலிருந்து ஏப்ரல் வரை புயல் காலம் வேறு.

இன்ஹேலரில் அடங்குகிற வீசிங் என்றால், ஆண்டு முழுவதற்கும் தேவையான மருந்தும் நெபுலைசரும் எடுத்துக்கொண்டு போய்ச் சமாளித்துவிடலாம். ஒரு முறையாவது ஆஸ்பத்திரியில் ஆக்சிஜன் வைக்கும் அளவுக்குப் போயிருந்தால், குழந்தையைக் கூட்டிப்போக வேண்டாம் என்பதே என் கருத்து. அவளைப் பார்க்கும் மருத்துவரிடம் ‘பெரிய ஆஸ்பத்திரி இரண்டு நாள் தள்ளி இருக்கும்’ என்று சொல்லிக் கேளுங்கள். அவர் சரி என்றால் விண்ணப்பம் போடுங்கள். அவர் யோசித்தால், நீங்கள் மட்டும் போவதா என்று வீட்டில் பேசி முடிவெடுங்கள்.