பயணிகள் கப்பல் போருக்குப் போன கதை

கேள்வி: முதல் உலகப் போரில் ஒரு பயணிகள் கப்பல் விமானங்களைச் சுமந்து போனது உண்மையா? பிறகு அது என்ன ஆனது? (வாசகர், தூத்துக்குடி)

பதில்: உண்மைதான். நீங்கள் கேட்பது எங்கடீன் கப்பலாக இருக்கும். 1911-இல் ஸ்காட்லாந்தில் கட்டப்பட்டு, இங்கிலாந்தின் ஃபோக்ஸ்டனுக்கும் பிரான்சின் பூலோனுக்கும் இடையே ஆள் ஏற்றிக்கொண்டிருந்தது. 1914 ஆகஸ்டில் பிரிட்டிஷ் கடற்படை எடுத்துக்கொண்டது. 21 நாட் (மணிக்குச் சுமார் 39 கிலோமீட்டர்) வேகம் போகும், அதாவது போர்க்கப்பல்களுக்கு ஓரளவு ஈடுகொடுத்து ஓடும்.

ஓடுதளமெல்லாம் கிடையாது. பின்பக்கம் ஒரு பெரிய கொட்டகை, பக்கத்தில் கிரேன், அவ்வளவுதான். மிதவை பொருத்திய விமானத்தைக் கடலில் இறக்கி, தண்ணீரிலிருந்தே கிளப்பி, திரும்பி வந்ததும் தூக்கி உள்ளே வைத்துக்கொள்வார்கள். அலை எழும்பினால் எதுவும் நடக்காது.

1916 மே 31, பிரிட்டிஷ், ஜெர்மன் கடற்படைகள் வடகடலில் மோதிய ஜட்லாண்ட் போர். ரட்லண்ட் என்ற விமானி இந்தக் கப்பலிலிருந்து கிளம்பி, மேகம் தாழ்ந்திருந்ததால் தானும் தாழப் பறந்து, ஜெர்மன் கப்பல்களைப் பார்த்துவிட்டார். கூட இருந்தவர் வயர்லெஸில் தகவல் அனுப்பினார். நடுவில் பெட்ரோல் குழாய் உடைய, கடலில் இறங்கி ஒரு ரப்பர் குழாயை மாட்டிச் சரிசெய்தார் மனிதர்! ஆனால் எங்கடீனுக்கு வந்த அந்தத் தகவல் பிரிட்டிஷ் தளபதி பீட்டியிடம் போய்ச் சேரவே இல்லை. இவ்வளவு பாடுபட்டும் இப்படி ஆனதே என்று எனக்கு இன்றும் ஆற்றாமைதான்.

அன்று இரவு, அடிபட்டுச் செயலிழந்த வாரியர் என்ற பிரிட்டிஷ் போர்க்கப்பலை எங்கடீன் கட்டி இழுத்துக்கொண்டு போனது. விடிந்ததும், அது மூழ்கப்போகிறது என்று தெரிந்து பக்கத்தில் ஒட்டி நின்று, சுமார் 700 பேரை ஏற்றிக்கொண்டது. காயம்பட்ட ஒருவர் இரண்டு கப்பல்களுக்கும் இடையே விழ, ரட்லண்ட் கயிற்றோடு இறங்கி மேலே கொண்டுவந்தார். காயம்பட்டவர் பிழைக்கவில்லை. என்னைக் கேட்டால், அந்தக் கப்பல் செய்த பெரிய காரியம் விமானம் சுமந்ததல்ல, இந்த மீட்புதான்.

போர் முடிந்ததும் பழைய தொழிலுக்கே திரும்பிவிட்டது. 1933-இல் பிலிப்பைன்ஸுக்கு விற்கப்பட்டு, கொரெஹிடோர் என்ற பெயரில் தீவுகளுக்கிடையே ஓடியது. அப்புறம் 1941 டிசம்பரில் ஜப்பான் குண்டுவீச்சுக்குப் பயந்து மணிலாவிலிருந்து ஓடிய மக்களை அளவுக்கு மேல் ஏற்றிக்கொண்டு 17-ஆம் தேதி அதிகாலை இருட்டில் போனபோது, அப்போது பிலிப்பைன்ஸைத் தம் வசம் வைத்திருந்த அமெரிக்கர்கள் மணிலா விரிகுடாவில் வைத்திருந்த கண்ணிவெடியில் மோதி மூழ்கியது. அமெரிக்க டார்பிடோ படகுகள் விரைந்து வந்தும் உயிரோடு கிடைத்தவர்கள் 300 பேருக்கும் குறைவு. இறந்தவர்கள் 900 பேருக்கு மேல்.